மணி அடித்தால் யார் வருவார்?

புனே நகரின் கிழக்கு எல்லைக்கு அப்பால், கரும்புக் கொல்லைகளை மனைகளாக்கிக் கட்டிய ஒரு குடியிருப்பில் என் பெரியப்பா மகன் சென்ற மாதம் வீடு வாங்கினார். தனி வீடு. இருபுறத்து வீடுகளிலும் இன்னும் ஆள் குடியேறவில்லை. அண்ணனும் அண்ணியும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் புறப்பட்டால் திரும்புவதற்கு இரவு எட்டாகும். பால் காய்ச்சிய மறுநாளே அண்ணன் மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளை எனக்கு அனுப்பி, “ஆராய்ச்சியெல்லாம் செய்கிறாயே, இதில் எந்த அலாரம் நல்லது என்று பார்த்துச் சொல்” என்றார்.

மொழியியல் படித்தவரிடம் கேட்கத் தக்க கேள்வியன்று. எனினும் மூன்றையும் வரி விடாமல் படித்தேன். கதவுகளுக்கு எத்தனை சென்சார், சைரன் எத்தனை டெசிபல், கேமராப் பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பனவெல்லாம் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டிருந்தன. திருட்டு நேர்ந்தால் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்ற வாசகம் மூன்றின் அடியிலும் சிறிய எழுத்தில் இருந்தது. ஒன்று மட்டும் எதிலும் இல்லை. மணி அடித்தால் யார் வருவார்? அண்ணன் அதை விற்பனையாளரிடம் கேட்டபோது, “உங்கள் செயலிக்குச் செய்தி வரும் சார்” என்று மறுமொழி கிடைத்தது. செய்தி வருவதும் ஆள் வருவதும் எப்போது ஒன்றாயின என்று தேடப் புகுந்ததன் விளைவே இப்பதிவு.

சொல்லிலிருந்து தொடங்குவது எங்கள் துறையின் வழக்கம். ‘அலாரம்’ என்பதன் மூலம் இத்தாலிய மொழியின் ‘அல்லார்மே’. ‘ஆயுதம் எடுங்கள்’ என்பது அதன் பொருள். பகைவர் வருவதைக் கண்ட காவலன் பாசறையில் உறங்கும் வீரரை நோக்கி எழுப்பிய கூக்குரல் அது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கூவும் செயலுக்கும் பின்னர் கூவும் கருவிக்கும் பெயராயிற்று. பிறப்பில் அது பன்மை ஏவல். எழுந்து வரக் கூடிய பலர் அருகில் உறங்குகின்றனர் என்ற உறுதி அச்சொல்லுக்குள் அடங்கியுள்ளது. அவ்வுறுதி இல்லாத இடத்தில் அலாரம் வெறும் ஓசை.

மின்சார அலாரத்தைக் கண்டவர் இதை அறிந்தே இருந்தனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாமர்வில் ஊரைச் சேர்ந்த ஆகஸ்டஸ் போப் என்பவர் 1853இல் கதவு, சன்னல்களை மின்கம்பியால் இணைக்கும் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று பொருந்தும், மின்காந்தம் சுத்தியலை அசைக்கும், மணி ஒலிக்கும். கதவைத் திரும்பச் சாத்தினாலும் ஒலி நிற்காது என்பது அதன் நுட்பம். அவ்வுரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் 1858இல் பாஸ்டனில் விற்பனையைத் தொடங்கி அடுத்த ஆண்டு நியூயார்க் சென்றார். அந்த முதல் மணிகள் வீட்டுக்காரரின் படுக்கையறையில் ஒலித்தன. அதாவது, கேட்பவர் வீட்டுக்காரரே. அவர் ஊரில் இல்லாதபோது அவ்வமைப்புக்கு வேலையே இல்லை.

இக்குறையைத் தீர்த்தது கருவியன்று, ஓர் ஏற்பாடு. பங்குச் சந்தை விலைகளைத் தந்தியில் அச்சிடும் கருவியைக் கண்ட எட்வர்ட் கலஹான், தம் நிறுவனத் தலைவரின் வீட்டில் திருடர் புகுந்த நிகழ்ச்சிக்குப் பின், 1871இல் நியூயார்க்கில் அண்டை வீடுகளைக் கம்பியால் இணைத்தார். பிறகு வீடுகளை ஒரு நடுவ நிலையத்தோடு இணைக்கும் முறை வந்தது. குறி எழுந்ததும் நிலையத்திலிருந்து ஒரு செய்திச் சிறுவன் அவ்வீட்டுக்கு ஓடினான். இன்றைய மாபெரும் அலாரத் தொழிலின் வேர் அந்தச் சிறுவனின் கால்களில் இருக்கிறது. ஹோம்ஸின் மகன் 1877இல் பாஸ்டனில் வங்கிகளுக்குச் சென்ற அலாரக் கம்பிகளிலேயே தொலைபேசியையும் இணைத்தார். பகலில் பேச்சு, இரவில் காவல். தொலைபேசி இணைப்பகத்தின் முன்னோடிகளுள் அது ஒன்று. நாம் இன்று செல்பேசியிலேயே வீட்டுக் காவலையும் வைத்துக்கொள்வதைப் புதுமை என்கிறோம். அவ்விரண்டும் ஒரே கம்பியில்தான் வளர்ந்தன.

இந்தியாவுக்கு வருவோம். போப்பின் அமைப்பு கதவையும் சன்னலையும் காத்தது, ஏனெனில் அவருடைய ஊரில் திருடன் அவற்றின் வழியாக வந்தான். இங்கே நெடுங்காலம் திருடன் சுவர் வழியாக வந்தான். மண் சுவரிலும் பச்சைச் செங்கல் சுவரிலும் துளையிடுவது பூட்டை உடைப்பதைவிட எளிது, ஓசையும் குறைவு. தமிழில் அத்துளைக்குக் ‘கன்னம்’ என்று பெயர். துளையிடும் கருவி கன்னக்கோல். வடமொழியில் அது ‘சந்தி’. ஆம், இலக்கணத்தில் இரு சொற்கள் கூடும் இடத்துக்குரிய அதே சந்திதான். சுவரின் பொருத்துவாயில் இடும் பிளவு என்ற வகையில் அப்பெயர் பெற்றது. அது இந்தியில் ‘சேந்த்’ என்று திரிந்து, ‘சேந்த்மாரி’ எனக் கன்னமிடுதலுக்குப் பெயராயிற்று. கணினிக்குள் அத்துமீறி நுழைவதை இன்றும் இந்தி நாளேடுகள் ‘சைபர் சேந்த்மாரி’ என்றே எழுதுகின்றன. மண் சுவர் போன பின்னும் துளை நிற்கிறது.

சூத்ரகரின் ‘மிருச்சகடிகம்’ நாடகத்தின் மூன்றாம் அங்கம் இதற்கு அரியதோர் ஆவணம். காதலியை அடிமை நிலையிலிருந்து மீட்கப் பொருள் தேடும் சர்விலகன் என்ற அந்தணன் சாருதத்தன் வீட்டில் கன்னமிட வருகிறான். சுட்ட செங்கல்லாயின் உருவ வேண்டும், சுடாத செங்கல்லாயின் வெட்ட வேண்டும், மண் சுவராயின் நீரூற்றி ஊறவிட வேண்டும், மரமாயின் பிளக்க வேண்டும் என்று சாத்திரம் சொல்கிறான். துளை தாமரை வடிவாக இருக்கலாமா, பிறை வடிவாகவா, பூரண கும்பமாகவா என்று ஆராய்கிறான். அளவு கயிற்றை மறந்து வந்ததால் பூணூலால் அளக்கிறான். இவையெல்லாம் பலரும் அறிந்து நகைக்கும் பகுதிகள். என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. உள்ளே நுழைந்தவன் தப்பிச் செல்லும் வழிக்காகக் கதவைத் திறக்க முற்படும்போது பழைய கதவு கிறீச்சிடுகிறது. நீர் தேடி எடுத்துத் தெளிக்கிறான். அந்நீர் தரையில் விழுந்து ஓசை எழுப்புமோ என்றும் அஞ்சுகிறான். வறியவனின் வீட்டில் எண்ணெயிடாத கீலே அலாரம். சாருதத்தன் வீட்டில் அதைக் கேட்க ஒருவரும் விழித்திருக்கவில்லை.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இக்கலையை நன்கு அறிந்திருந்தது. அதன் 445ஆம் பிரிவு வீடுடைத்துப் புகுதலுக்கு ஆறு வழிகளை வரையறுக்கிறது. முதல் எடுத்துக்காட்டே, ஒருவன் மற்றொருவன் வீட்டுச் சுவரில் துளையிட்டு அத்துளை வழியே கையை நுழைப்பதுதான். பூட்டு அதில் நான்காம் வழியாகத்தான் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அந்த ஆறு வழிகளையும் தாங்கி நிற்கிறது.

சுவரே வாயிலாகும் நாட்டில் கதவில் மணி கட்டிப் பயனில்லை. ஆகவே இங்கே காவல் என்பது மனிதரிடம் இருந்தது. நள்ளிரவு மதுரையைக் காட்டும் மதுரைக்காஞ்சி, நூலேணியோடு திரியும் கள்வரையும் அவர்தம் மறைவிடம் அறிந்த ஊர்க்காவலரையும் ஒருசேரக் காட்டுவது நமக்குத் தெரியும். ஆனால் ‘ஆள் இருந்தார்’ என்பதைக் காட்டிலும் முக்கியமான கேள்வி, அந்த ஆள் எதற்குப் பொறுப்பாயிருந்தார் என்பது. இவ்விடத்தில் புனே வட்டாரத்தின் சான்று மிகத் தெளிவானது.

பேஷ்வாவின் ஆட்சி 1818இல் வீழ்ந்த பின், கைப்பற்றிய நாட்டைப் பற்றி மவுண்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன் 1819இல் ஓர் அறிக்கை எழுதினார். ஊர்க்காவல் நடந்த முறையை அதில் அவர் விளக்குகிறார். ஊரில் திருட்டு நடந்தால் காவற்காரன் கள்வனின் அடிச்சுவட்டைத் தொடர வேண்டும். சுவடு அடுத்த ஊரின் எல்லைக்குச் சென்றதை அவ்வூர்க் காவற்காரன் ஒப்பும்படி காட்டிவிட்டால் முதலாமவன் பொறுப்பு நீங்கும். இரண்டாமவன் சுவட்டைத் தொடர்வான். இவ்வாறு கைமாறிச் சென்று சுவடு எந்த ஊரில் முடிகிறதோ அந்த ஊரே களவு போன பொருளுக்கு ஈடு சொல்ல வேண்டும். இதன் அடிப்படை மிகப் பழையது. இரண்டு ஊர்களுக்கு இடையே வணிகரின் பொருள் களவு போனால் அவ்வெல்லைக்குரிய அதிகாரி ஈடு செய்ய வேண்டும் என்று அர்த்தசாஸ்திரமும் விதிக்கிறது.

நடைமுறையில் எத்தனை முறை முழு ஈடு கிடைத்திருக்கும் என்ற ஐயம் எனக்கும் உண்டு. ஏழைக் காவற்காரனால் எவ்வளவு கொடுக்க முடியும்? ஆனால் கோட்பாட்டளவில் அது அண்ணனுக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகளின் அடிக்குறிப்புக்கு நேர் எதிரானது. அங்கே கூலி வாங்கியவர் இழப்புக்குப் பொறுப்பானார். இங்கே பணம் வாங்கியவர் முதல் வேலையாகப் பொறுப்பைத் துறக்கிறார்.

புனேயைச் சுற்றிய மலைப்பகுதியில் இக்காவலைச் செய்தவர்களுள் முதன்மையானவர்கள் இராமோசிகள். ஊர்க்காவலும் கோட்டைக்காவலும் அவர்தம் உரிமைகள். அதற்கு ஊர்தோறும் தானியமும் மானியமும் உண்டு. கோட்டைகளுக்கு வேலையில்லாமற் போனபோது அவர்களுடைய உரிமைகளும் போயின. புரந்தர் கோட்டைக்கு அருகில் பிவடி ஊரில் பிறந்த உமாஜி நாயக் 1820களில் கிளர்ந்தெழுந்து, பிடிபட்டு, 1832இல் புனேயில் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே அலெக்சாண்டர் மக்கின்டோஷ் என்ற இராணுவ அதிகாரி இராமோசிகளைப் பற்றி ஒரு தனி நூல் வெளியிட்டார். விந்தை என்னவெனில், அதற்குப் பின்னும் புனே இராணுவக் குடியிருப்பின் வெள்ளைக்காரர்கள் தத்தம் பங்களாவுக்கு ஓர் இராமோசியை இரவுக் காவலுக்கு வைத்திருந்தனர். ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் அச்சொல்லுக்குத் தனிப் பதிவே உண்டு. சட்டத்தின் முன் ஐயத்துக்குரியவன், வராந்தாவில் நம்பிக்கைக்குரியவன்.

தமிழகத்துக்கு இது புதிய கதையன்று. கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்று வரியாகப் பதிவான காவல் முறை, பிற்காலத்தில் மதுரை வட்டாரத்தில் கள்ளர் முதலியோரின் குடிக்காவலாக நிலைத்தது. காவற்கூலி பெற்றவர், களவு போனதை மீட்டுத் தரவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டவர். களவு போன மாட்டைத் துப்புக்கூலி கொடுத்து மீட்கும் வழக்கமும் உண்டு. காவலுக்கும் கப்பத்துக்கும் இடையிலான கோடு சில இடங்களில் மிக மெல்லியதாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கும்பினியும் அதற்குப் பின் வந்த அரசும் அக்கோட்டை ஆராயவில்லை. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது. காவற்காரரின் பிள்ளைகள் கைரேகை வைக்க வேண்டியவராயினர். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்து பலர் மாண்டனர். அனைத்திந்திய அளவில் அச்சட்டம் 1952இல்தான் நீங்கியது. ஊரின் காதாக இருந்தவரை ஊருக்கு அச்சமாக மாற்றியதைத்தான் வீட்டுக் காவலின் இந்திய வரலாற்றில் மிகப் பெரிய முறிவாக நான் கருதுகிறேன்.

வடக்கிலும் கிழக்கிலும் வேறொரு முறிவு. ‘சௌக்கிதார்’ என்ற சொல் இந்தியின் ‘சௌக்கி’யும் பாரசீகத்தின் ‘தார்’ ஈறும் சேர்ந்தது. காவல் நிலையை உடையவன் என்பது பொருள். தமிழின் ‘சுங்கச் சவுக்கை’யில் உள்ள சவுக்கையும் இதே சௌக்கிதான். வங்காளத்தில் 1870ஆம் ஆண்டின் ஊர்ச் சௌக்கிதாரிச் சட்டம், சௌக்கிதாரின் சம்பளத்தை ஊராரிடமே வரியாகத் தண்டியது. ஊர் சம்பளம் கொடுத்தது. அவரோ காவல் நிலையத்துக்குச் செய்தி கொடுத்தார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் பரவியபோது, கடற்கரையற்ற பீகாரில் போராட்டம் சௌக்கிதாரி வரி மறுப்பாக உருவெடுத்தது. சௌக்கிதார்கள் பதவி விலக வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. வரியின் சுமை ஒரு காரணம். நம் பணத்தில் நம்மையே ஒற்றறிகின்றனர் என்ற மனக்கசப்பு மற்றொரு காரணம். கேட்பவர் இருந்தால் மட்டும் போதாது, கேட்டதை அவர் யாரிடம் கொண்டு செல்கிறார் என்பதும் கேள்வியே. மாதச் சந்தா கட்டிச் சுவரில் கேமரா மாட்டும் ஒவ்வொருவருக்கும் இக்கேள்வி பொருந்தும்.

நகரங்களில் எஞ்சியது இரவுக் காவற்காரரின் குரல். ‘ஜாக்தே ரஹோ’ என்று அவர் கூவிச் செல்வார். அவ்வினைத்தொடரின் இலக்கணம் கவனிக்கத் தக்கது. ‘விழித்தெழுங்கள்’ என்று அவர் சொல்வதில்லை. ‘விழித்தபடியே இருங்கள்’ என்கிறார். ‘ரஹ்’ என்ற துணைவினை செயலின் தொடர்ச்சியைக் குறிக்கிறது. உறங்குவதற்காகக் கூலி கொடுத்தவரைப் பார்த்து, உறங்காதீர் என்று கூலி வாங்கியவர் சொல்கிறார்! நகைப்புக்குரியதாகத் தோன்றினாலும் ‘அல்லார்மே’யின் பொருளுக்கு இது வெகு அருகில் நிற்கிறது. தனியொருவனாக நான் காக்க முடியாது, நான் கூவினால் நீங்கள் வர வேண்டும் என்பதுதான் அதன் உட்பொருள். தமிழகத்துத் தெருக்களில் விசிலும் தடியுமாக வந்து மாதம் பிறந்தால் வாசலில் நிற்கும் கூர்க்காவும் இம்மரபினரே. அவருடைய விசில் திருடனை எச்சரித்து ஓட்டத்தான் பயன்படும் என்று கேலி செய்வோருண்டு. திருடன் ஓடினால் போதும் என்பதே வீட்டுக்காரரின் தேவையும்.

அவர் இடத்துக்கு இப்போது சீருடைக் காவலர் வந்துவிட்டார். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகள், காவலர் ஒருவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. விதி இருக்கட்டும். நம் குடியிருப்பு வாயிலில் பன்னிரண்டு மணி நேரம் நின்று பதிவேட்டில் வண்டி எண் எழுதும் முதியவரிடம், பயிற்சி பெற்றீரா என்று எவரும் கேட்டதாக நான் அறியேன்.

கேமராவின் தொடக்கமும் ஆள் வராததன் விளைவே. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினச் செவிலியர், நேரங்கெட்ட நேரங்களில் வேலைக்குச் சென்று வருபவர். அப்பகுதிக்குக் காவல்துறை வந்து சேரத் தாமதமாகும். கணவர் ஆல்பர்ட் பிரவுனோடு சேர்ந்து அவர் 1966இல் விண்ணப்பித்த அமைப்புக்கு 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள், அவற்றின் வழியே பார்க்கும் கேமரா, படுக்கையறையில் திரை, வந்தவரோடு பேச ஒலிவாங்கி, தொலைவிலிருந்தே கதவைத் திறக்கும் பொத்தான், ஆபத்தெனில் அழைக்க மற்றொரு பொத்தான். இன்று விற்கும் வீடியோ அழைப்புமணிகளின் அடிப்படை முழுவதும் அதில் உண்டு. அழைத்தால் வராத அரசை நம்பியிருக்க முடியாத ஒரு பெண், தாமே பார்த்து முடிவெடுக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதே கருவி பின்னாளில் வீட்டுக்குள் வேலை செய்யும் எளியவரைப் பார்க்கத் திரும்பியது அவர் குற்றமன்று.

மணி மிகுதியானால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே சான்றுண்டு. காவல்துறைக்கு வரும் அலார அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பொய்யானவை. சால்ட் லேக் சிட்டி நகரம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு விதி செய்தது. யாரேனும் ஒருவர் நேரில் சென்று பார்த்து உறுதி செய்த பின்னரே காவல்துறை வரும். முதலில் செல்லும் வேலை தனியார் காவலருக்குச் சென்றது. 1870களின் செய்திச் சிறுவன் வளர்ந்து சீருடை அணிந்து திரும்பி வந்தான் என்று சொல்லலாம்.

இனி அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். கருவிகளில் உண்மையான முன்னேற்றம் இல்லையென்று சொல்ல மாட்டேன். போப்பின் சுற்றில் கம்பியை அறுத்துவிட்டால் மணி ஊமை. பின் வந்த மூடிய சுற்றில் மின்னோட்டம் எப்போதும் ஓடும், அறுத்தால்தான் மணி ஒலிக்கும். கதவு நிலையில் ஒட்டும் காந்த சென்சாரின் உள்ளே இருப்பது 1936இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் கண்ட நாணல் போன்ற மெல்லிய இரும்பு இதழ்கள். காந்தம் விலகியதும் அவை பிரியும். விலை குறைவு, பழுதும் குறைவு. அறையில் ஆள் நடமாட்டத்தை அறியும் அகச்சிவப்பு சென்சார் உடல் வெப்பத்தின் அசைவை உணர்வது. நம் வீடுகளில் அதற்கு முதற்பகை பல்லி. அதன் முகப்பில் பல்லியோ பூச்சியோ ஊர்ந்தால் ஆள் வந்ததாகவே அது எண்ணும். மேற்குச் சன்னலின் வெயிலும் அதைக் குழப்பும். பொய்யாக நான்கு முறை அடித்த மணியை ஐந்தாம் முறை அண்டை வீட்டார் பொருட்படுத்த மாட்டார். ஆகவே சென்சார் மிகுதியாக இருப்பதே நல்லது என்ற விற்பனையாளரின் வாதம் எனக்கு ஏற்புடையதாகவில்லை.

மின்வெட்டின்போது வைஃபை அணைந்தால் வைஃபையை மட்டும் நம்பும் கருவியும் உறங்கும். அதனால் சொந்த மின்கலமும் சிம் அட்டையும் உள்ள பெட்டியைச் சொன்னேன். சைரன் வீட்டுக்குள் அன்றி வெளிச்சுவரில், ஆள் குடியிருக்கும் வரிசையை நோக்கி இருக்கட்டும் என்றேன். பின்கட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வலுவாக இல்லை. முதற்செலவு அதற்கே என்றேன். அலாரம் திருடனைத் தடுப்பதில்லை, அவனுக்குக் கிடைக்கும் நேரத்தைக் குறைக்கிறது. தாழ்ப்பாள் அவனுக்கு வேண்டிய நேரத்தைக் கூட்டுகிறது.

கேமராவில்தான் எங்களுக்குள் விவாதம் எழுந்தது. கூடத்திலும் சமையலறையிலும் ஒவ்வொன்று வைக்க அண்ணன் விரும்பினார். அவர்கள் இல்லாத பகல் முழுதும் அவ்வீட்டில் இருப்பவர் ஒருவரே. சமையலுக்கு வரும் மாவ்ஷி. (சின்னம்மா என்பதற்குரிய மராத்திச் சொல் இது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களை இங்கே அவ்வாறே அழைப்பர்.) திருடன் வருவது என்றோ ஒருநாள், வராமலும் போகலாம். அக்கேமரா ஒவ்வொரு நாளும் பதிவு செய்யப்போவது மாவ்ஷியை. அப்பதிவு எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குச் செல்லும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட அல்லது வீட்டுப் பயன்பாட்டுக்காக ஒருவர் தரவைக் கையாள்வதைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துள்ளது. ஆகவே மாவ்ஷிக்காக அண்ணனைக் கேள்வி கேட்கச் சட்டம் வராது. “அவரைச் சந்தேகப்படுகிறேன் என்று நான் சொல்லவில்லையே” என்றார் அண்ணன். சாவியைக் கொடுத்துவிட்டுக் கண்ணையும் வைப்பது என்ன கணக்கு என்று அண்ணி கேட்டார். இராமோசிக்கு வராந்தாவைக் கொடுத்துக்கொண்டே அவரைப் பற்றி நூல் எழுதியவர்களின் கணக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை, அண்ணி கேட்டதே போதுமானதாக இருந்தது. கேமரா ஒன்றே ஒன்று, வாசலுக்கு வெளியே, தெருவைப் பார்க்காமல் படியை மட்டும் பார்க்கும்படி அமைந்தது. அது இருப்பதை மாவ்ஷியிடம் அண்ணியே காட்டிச் சொன்னார்.

பெட்டி பொருத்திய அன்று அதில் ஐந்து தொலைபேசி எண்கள் பதிய வேண்டியிருந்தது. மணி அடித்தால் வரிசையாக அவற்றை அழைக்கும். முதல் இரண்டும் அண்ணனும் அண்ணியும். இருவரும் பகலில் இருபது கிலோமீட்டர் தொலைவில். மூன்றாவதாக என் எண், நானும் அருகில் இல்லை. நான்காவதற்காக அண்ணன் மூன்று வீடு தள்ளியுள்ள, பணி ஓய்வு பெற்ற பெரியவரிடம் சென்றார். வீடு வாங்கி ஐந்து வாரத்தில் அவரோடு பேசியது அதுவே முதன்முறை. காகா தேநீர் கொடுத்து, எண்ணையும் கொடுத்து, தம் எண்ணுக்கு ஈடாக அண்ணன் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டாராம். ஐந்தாவது வாயிற்காவலருடையது. முறைக்கு முறை ஆள் மாறுவதால், வாயிலிலேயே இருக்கும் ஒரு பொதுச் செல்பேசியின் எண்ணைப் பதிந்தோம்.

சென்ற ஞாயிறு முற்பகல் ஒருவருக்கும் முன்னறிவிப்பின்றிச் சோதனைக்காகப் பின்கதவைத் திறந்து மணியை அடிக்கவிட்டோம். நான்கு நிமிடத்தில் காகா கைத்தடியோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் எதிர் வரிசையில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு கொத்தனார்களும் வந்தனர். வாயிற்காவலர் வரவில்லை. அழைப்பை எடுத்தார், சைரனும் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. வாயிலை விட்டு ஓர் அடியும் நகரக் கூடாது என்பது முகமை அவருக்கு இட்ட உத்தரவாம். அவ்வுத்தரவை மாற்றுமாறு குடியிருப்போர் சங்கத்துக்கு அண்ணன் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மராத்தியில் பிழை திருத்தித் தரும்படி அதை எனக்கு அனுப்பியுள்ளார்.